குதிரை மூத்திரமும் கோபக்கார மனைவிகளும்

ஹார்மோன் சிகிச்சையின் கதையில் நாய் வரும், பன்றி வரும், சினைக்குதிரை வரும், பொலிகுதிரைகூட வரும். மெக்சிகோ காட்டுக் கிழங்கு வரும். துப்பாக்கியோடு ஒரு தாதா வருவார். மாரடைப்புக்காரர்கள் கூட்டமாக வந்து, மார்பு பெருத்துத் திரும்பிப் போவார்கள். நடுராத்திரியில் நைட்டி நனைய வியர்த்து உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெண்மணி, அவர் வருவதற்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகும். பொறுத்தருள்க.

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடலாம். ஐம்பதை ஒட்டிய வயதில் சினைப்பைகள் கடையைக் கட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜன் வரத்து குறைகிறது. மூளையின் அடித்தளத்தில் இருந்துகொண்டு உடம்புச் சூட்டைக் கண்காணிக்கும் ஹைப்போதலாமஸுக்கு இதனால் நிதானம் போய்விடுகிறது. மின்விசிறி ஐந்தில் சுற்றும்போதுகூட 'ஐயோ, கொதிக்கிறதே' என்று அலறி ரத்தக்குழாய்களை விரிக்கச் சொல்கிறது. முகம் காந்துகிறது, கழுத்திலும் மார்பிலும் வியர்வை குப்பென்று கிளம்புகிறது, அடங்கிய கையோடு குளிர் எடுக்கிறது. இது அடிக்கடி வருகிற அமெரிக்கப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. இந்தக் கூத்து பாதிப் பேருக்கு 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது என்றது. ஏழரை என்று நம் ஜோசியர்கள் எப்போதோ கணக்குப் போட்டாயிற்று. பழியை மட்டும் சனி பகவான் மேல் போட்டுவிட்டார்கள்.

லண்டனில் எட்வர்ட் டில்ட் என்ற மருத்துவர் 1857-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அந்தக் காலத்து மருத்துவர்களின் தர்க்கம் எளிமையானது. மாதாமாதம் வெளியே போன ரத்தம் இப்போது போகவில்லை. அப்படியானால் உள்ளேதானே தேங்கிக் கிடக்கும்? எடுத்து விடு. ஆகவே அட்டை விட்டார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு அபின் கொடுத்தார்கள். சூடு குறைந்ததா என்பது வேறு விஷயம். அபின் சாப்பிட்ட பெண் அதைப் பற்றிப் புகார் சொல்லும் நிலையில் இல்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்ற சிற்றூரில், ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர் 1872-இல் ஒரு படி மேலே போனார். பெண்ணின் நரம்புக் கோளாறு, மனக் கோளாறு எல்லாவற்றுக்கும் சினைப்பைதான் வேர் என்று சந்தேகித்து, நன்றாக இருந்த சினைப்பைகளை வெட்டி எடுத்தார். வழக்கம்போல அது நாகரிகமாகப் பரவியது. விளைவு, இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்களுக்கு ஒரே நாளில் மாதவிடாய் நின்று, உடம்பு காந்தத் தொடங்கியது. சினைப்பை ஏதோ உருப்படியான வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது என்று மருத்துவ உலகம் அதை வாளியில் போட்ட பிறகு கண்டுகொண்டது.

அடுத்து பிரவுன்-செக்கார். மொரீஷியஸில் பிறந்து பாரிஸில் பெரும் பேராசிரியராக இருந்தவர். முதுகுத்தண்டு பற்றிய ஆராய்ச்சியில் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையில் வரவேண்டிய அவசியம் இருந்திருக்காது. 1889 ஜூன் 1-ஆம் தேதி, எழுபத்திரண்டு வயதில், சக விஞ்ஞானிகள் நிறைந்த சபையில் எழுந்து, நாய், கினிப்பன்றி இவற்றின் விரைகளை நசுக்கிப் பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார். மாடிப்படியில் ஓட முடிகிறதாம். பாரம் தூக்க முடிகிறதாம். சிறுநீர் முன்பைவிடக் கால் பங்கு அதிக தூரம் பாய்கிறதாம், அளந்து பார்த்திருக்கிறார். சபையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழவர்கள். எவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தச் சாற்றில் வேலை செய்கிற அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்கவே முடியாது. அது தண்ணீரில் கரைகிற சரக்கு அல்ல. 2002-இல் ஆஸ்திரேலியர்கள் சிலர் அதே மாதிரி சாறு தயாரித்து அளந்து பார்த்து இதை உறுதி செய்தார்கள். கிழவரைப் படியேற்றியது நம்பிக்கை. ஆனால் நாய்க்குப் பிறகு மாடு என்ற வரிசை அதற்குள் ஆரம்பமாகிவிட்டது. 1896 வாக்கில் பெர்லினிலும் வியன்னாவிலும், சினைப்பை இழந்த பெண்களுக்குப் பசுவின் சினைப்பையைக் காயவைத்துப் பொடித்துக் கொடுத்தார்கள். குணம் தெரிவதாக ஏடுகளில் எழுதினார்கள்.

பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் திடீர்ச் சூட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. பிற்காலத்து ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஈஸ்ட்ரோஜன் அதற்கும் மேலே முக்கால் பங்கு குறைத்தது, அதனால் அது நிஜ மருந்துதான். ஆனால் அட்டை, அபின், பசும்பொடி வைத்தியர்கள் எல்லோருமே தங்கள் கண்ணால் நோயாளி தேறியதைப் பார்த்திருப்பார்கள். இருநூறு வருடங்களாக இந்தத் துறையில் யாருக்குமே தன்மேல் சந்தேகம் வராததற்கு இதுதான் காரணம்.

நிஜச் சரக்கு எங்கே இருக்கிறது என்ற தேடல் 1923-இல் சூடுபிடித்தது. எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்ற இரண்டு அமெரிக்கர்கள் பன்றிச் சினைப்பையின் திரவத்தை எலிகளுக்கு ஏற்றி, இதில் ஏதோ இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த ஏதோவைத் தனியாகப் பிரித்தெடுக்க டாய்சி கசாப்புக் கடைக்கும் கர்ப்பிணிகளின் மூத்திரத்துக்கும் மாறி மாறி அலைந்தார். 1929-இல் மூத்திரத்திலிருந்து ஈஸ்ட்ரோன் என்ற பலவீனமான தம்பியைப் படிகமாகப் பிடித்துவிட்டார்; ஜெர்மனியில் பூட்டெனான்ட் என்ற இளைஞரும் அதே வருடம் பிடித்தார். அசல் அண்ணன் எஸ்ட்ரடையோலைப் பன்றியிடமிருந்து வாங்கத்தான் பெரும்பாடு. நான்கு டன் பன்றிச் சினைப்பை. மறுபடி சொல்கிறேன், நான்கு டன். கிடைத்தது பன்னிரண்டு மில்லிகிராம். இன்றைய ஒரு மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வாரத்துக்குக்கூட வராது.

ஆகவே உலகமே மூத்திரத்தின் பக்கம் திரும்பியது. அங்கே மகாராணி, சினைக்குதிரை. கர்ப்பம் பதினொரு மாதம், மூத்திரம் வாளி வாளியாக, அதில் ஈஸ்ட்ரோஜன் தாராளமாக. இதை 1930-இல் கண்டவர் பெர்லினில் இருந்த பெர்ன்ஹார்ட் சோண்டெக். யூதர் என்பதால் ஹிட்லர் வந்ததும் வேலையை இழந்து ஸ்வீடனுக்கும் பிறகு ஜெருசலேமுக்கும் போனவர். அவர் 1934-இல் இன்னொரு குண்டைப் போட்டார். பொலிகுதிரையின் மூத்திரத்திலும் பெண் ஹார்மோன் எக்கச்சக்கமாக இருக்கிறதாம். ஆண்மைக்கு அடையாளமாகச் சக்கரவர்த்திகள் சிலை வைத்து ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தப் பிராணிக்குள் இருப்பது பெண்மையின் கிட்டங்கி! ஹார்மோன் விஷயத்தில் ஆண் சரக்கு, பெண் சரக்கு என்று இயற்கை தனித்தனி அலமாரி வைப்பதில்லை என்று அன்றே புரிந்துகொண்டிருக்கலாம். யாரும் கவலைப்படவில்லை. பொலிகுதிரைக்கு வாளி பிடிக்க ஆள் கிடைப்பதும் சிரமம்.

கனடாவில் ஐயர்ஸ்ட் கம்பெனி முதலில் கர்ப்பிணிப் பெண்களின் மூத்திரத்திலிருந்தே ஒரு மருந்து தயாரித்துப் பார்த்தது. கட்டுப்படியாகவில்லை. பெண்கள் ஒரே இடத்தில் நிற்கமாட்டார்கள். குதிரையைக் கட்டிவைக்கலாம். ஆகவே பிரெமரின் பிறந்தது. அமெரிக்க அரசு 1942-இல் அனுமதி கொடுத்தது. மனிடோபா மாநிலப் பண்ணைகளில் சினைக்குதிரைகள் குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் நிற்க, பின்னால் கட்டிய பையில் மருந்து சேர்ந்தது. பிறந்த குட்டிகளின் கதை அவ்வளவு இனிமையானதல்ல. மருந்துக்குக் குட்டி தேவைப்படவில்லை என்பதோடு விடுகிறேன்.

அதே சமயம் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவர் குதிரையும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்று 1938-இல் சோதனைக்கூடத்திலேயே செயற்கை ஈஸ்ட்ரோஜன் செய்துவிட்டார். டி.இ.எஸ். என்று பெயர். காப்புரிமை கிடையாது, கொள்ளை மலிவு. சூட்டுக்குக் கொடுத்தார்கள், கோழிக்கும் மாட்டுக்கும் கொடுத்தார்கள், கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லிக் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். தடுக்கவில்லை. 1971-இல், அந்தக் கர்ப்பங்களில் பிறந்து வளர்ந்த இளம்பெண்கள் சிலருக்கு அரிதான புற்றுநோய் வருவது தெரிந்தது. இதில் சிரிக்க எதுவும் இல்லை.

இனி மெயின் பிக்சர். இடம் நியூயார்க், புரூக்ளின். ராபர்ட் வில்சன் என்ற மகளிர் மருத்துவர். ஒருநாள் அவருடைய அறைக்கு உள்ளூர் நிழலுலகப் பிரமுகர் ஒருவர் வந்தாராம். வீட்டில் மனைவி சிடுசிடுக்கிறாள், தாங்க முடியவில்லை என்றாராம். துப்பாக்கியை எடுத்துக் காட்டி, நீங்கள் அவளைச் சரிசெய்யாவிட்டால் நான் அவளைத் தீர்த்துவிடுவேன் என்றாராம். டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார், இல்லறம் இனிதே தொடர்ந்தது. இதைப் போலீஸில் சொல்லவேண்டிய விஷயமாக வில்சன் கருதவில்லை. சிகிச்சையின் மகிமைக்குச் சான்றாகத் தன் புத்தகத்திலேயே எழுதினார். துப்பாக்கி வைத்திருந்தவருக்கு எந்த நோயும் இல்லை என்பது கட்சி.

புத்தகத்தின் பெயர் 'ஃபெமினைன் ஃபாரெவர்'. 1966-இல் வந்து, முதல் ஏழு மாதத்தில் ஒரு லட்சம் பிரதி போனது. அதன் வாதம் இதுதான்: மாதவிடாய் நிற்பது இயற்கை அல்ல, குறைபாட்டு நோய். சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் மாதிரி இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன், அதுவும் ஆயுள் முழுக்க. மருந்து எடுக்காத பெண்களைப் பற்றி அவரும் மனைவி தெல்மாவும் 1963-லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அவர்கள் மாட்டைப்போல் மந்தமாக உலகத்தை வெறித்துக்கொண்டு திரிகிறார்கள் என்பது அதில் கண்ட நோய்க்குறி. குதிரையில் ஆரம்பித்து மாட்டுக்கு வந்தாயிற்று. வில்சனின் அறக்கட்டளைக்கு மருந்துக் கம்பெனிகள் படியளந்தன என்பது பிற்பாடு வெளியே வந்தது. ஆச்சரியப்பட்டவர்கள் குறைவு.

மருத்துவ இதழ்களில் அக்காலத்து விளம்பரங்களைப் பார்த்தால் நோயாளி யார் என்ற குழப்பமே வராது. ஒன்றில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் முகம் சுண்டி உட்கார்ந்திருக்கிறார். ஈஸ்ட்ரோஜன் குறைபாட்டால் அவதிப்படுகிறவர் அவர்தானாம். பின்னால் நிற்கிற பயணி அம்மாளின் உடம்பில் அது குறைந்ததால் வந்த அவதி. இன்னொரு பக்கம், ஈஸ்ட்ரோஜனையும் மனத்தை மந்தமாக்கும் மருந்தையும் ஒரே மாத்திரையில் வைத்து விற்றார்கள். சூட்டுக்குப் பாதி, வாய்க்குப் பாதி. உள்ளங்கை வியர்த்துத் தூங்காமல் கிடந்த பெண்ணுக்கு நல்ல மருந்து ஒன்று உண்மையிலேயே கையில் இருந்தது. அதை வியர்வைக்கு என்று விற்றிருந்தாலே போதும். ஆனால் வியர்வையைக் காட்டி எத்தனை மாத்திரை விற்றுவிட முடியும்? இளமை, அழகு, கணவன் நிம்மதி என்று ஒன்றன்பின் ஒன்றாக மாத்திரையின் தலையில் ஏற்றினார்கள்.

1975-இல் மாத்திரை சுமை தாங்காமல் சரிந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. விற்பனை ஐந்தே வருடத்தில் பாதியாகச் சரிந்தது. ஈஸ்ட்ரோஜன் உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும்; போதும் என்று சொல்ல புரோஜெஸ்டிரோன் வேண்டும். அது எப்போதோ கைவசம் இருந்தது. ரசல் மார்க்கர் என்ற வேதியியல்காரர் 1940-களில் மெக்சிகோ காட்டுக் கிழங்கிலிருந்து அதைக் கிலோ கணக்கில் எடுத்து, ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மெக்சிகோ நகரத்துச் சிறு கம்பெனி ஒன்றின் வாசலில் போய் நின்றவர். உலகத்தில் கிராம் கணக்கில் விற்ற பொருள்! கம்பெனிக்காரர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! முப்பது வருடம் கழித்து, கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்த்துத்தான் தரவேண்டும் என்று விதி வந்தது. அது இன்றுவரை மாறவில்லை.

நடுவில் ஆண்கள் அத்தியாயம். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு. அதை ஆண்களுக்குக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் 1960-களில் தொடங்கிய ஒரு பெரிய சோதனையில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த எட்டாயிரத்துச் சொச்சம் ஆண்களில் இரண்டு பிரிவினருக்கு அதே குதிரை மாத்திரையைக் கொடுத்தார்கள். பெண்களுக்கு வழக்கமாகத் தரும் அளவைப்போல் நாலு மடங்கு, எட்டு மடங்கு. மார்பு பெருத்தது. மாரடைப்பு குறையவில்லை, எட்டு மடங்குக்காரர்களுக்குக் கூடவே செய்தது. 1970-இல் ஒரு பிரிவையும் 1973-இல் மற்றதையும் நிறுத்தினார்கள். இதயத்துக்கு இது மருந்தல்ல என்று புரிந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்த நேரம். மாறாக, ஆண்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, பெண்களுக்குச் சரியாக வரும் என்று புரிந்துகொண்டார்கள்.

1990-இல் பிரெமரின் கம்பெனி, இதய நோயைத் தடுக்கும் மருந்து என்று முத்திரை குத்தித்தரும்படி அரசை அணுகியது. ஆலோசனைக் குழு தலையாட்டியது. பெண்கள் நல அமைப்பொன்று எழுந்து, முறையான சோதனை எங்கே என்று கேட்டது. ஆண்களுக்கு ஆஸ்பிரின் தருவதற்குமுன் செய்தீர்களே, அந்த மாதிரி. இந்தக் கதையில் பெண்கள் பேச்சு எடுபட்ட முதல் இடம் இது என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல் பெண் தலைவராக வந்த பெர்னடீன் ஹீலி 1991-இல் மாபெரும் ஆய்வை அறிவித்தார். இருபத்தேழாயிரம் பெண்கள். பாதிப் பேருக்கு ஹார்மோன், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை.

இங்கேதான் வரலாறு தன் உச்சக்கட்ட நகைச்சுவையை வைத்திருந்தது. ஆய்வின் கேள்வி இதயம். இதய நோய் வரவேண்டுமென்றால் வயது வேண்டும். சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கடுமையாக வியர்க்கிறவர்களைச் சேராதீர்கள் என்று அறிவுறுத்தினார்கள். வெறும் மாத்திரை கிடைத்தால் கண்டுபிடித்து ஓடிவிடுவார்களே. வியர்வைக்குப் பிறந்த மருந்தைப் பற்றி உலகத்திலேயே பெரிய சோதனை நடக்கிறது, வியர்க்கிறவர்கள் தயவுசெய்து வெளியே நிற்கவும்!

2002 ஜூலை 9. இரண்டு ஹார்மோன் சேர்த்து எடுத்த பிரிவை நடுவிலேயே நிறுத்துவதாக அறிவித்தார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக எட்டுப் பேருக்கு என்பது அதே கணக்கின் இன்னொரு முகம். அது உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. மாரடைப்பு ஏழு, பக்கவாதம் எட்டு கூடுதல். இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைவு. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த, கருப்பை நீக்கப்பட்டவர்களின் பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்று 2004-இல் தெரிந்தபோது கேட்க ஆளில்லை. நாற்பத்தெட்டு வயதில் தூக்கமில்லாமல் தவித்தவரும் அறுபத்தெட்டு வயதுக்காரரின் கணக்கைப் பார்த்து மிரண்டு, மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டார். கம்பெனி தன் பங்குக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது 2009-இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியாகத் தெரிந்தது. 1998 முதல் 2005 வரை, ஹார்மோனுக்கு ஆதரவான 26 ஆய்விதழ்க் கட்டுரைகளைக் கூலி எழுத்தாளர்கள் தயாரிக்க உதவியிருந்தார்கள்; மேலே பேராசிரியர்களின் பெயர்.

தூசு அடங்கிய பிறகு மருத்துவர்கள் வந்து சேர்ந்த இடம் வியப்பூட்டும் அளவுக்கு அடக்கமானது. அறுபதுக்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருப்பவரை வியர்வையும் தூக்கமின்மையும் வாட்டுகிறது என்றால் இதைவிட நல்ல மருந்து இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்தக்கட்டி அல்லது பக்கவாதம் கண்டவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர் பொதுவாகத் தொடவேண்டாம். குதிரையைத் தொந்தரவு செய்யாத எஸ்ட்ரடையோல் மாத்திரையாக வருகிறது. தொடையிலோ இடுப்பிலோ ஒட்டிக்கொள்ளும் பட்டையாகவும், கையில் தடவும் ஜெல்லாகவும் வருகிறது. தோல் வழியாகப் போவது கல்லீரலை நேரடியாகச் சந்திக்காததால் ரத்தக்கட்டி அபாயம் குறைவாகத் தெரிகிறது. பிறப்புறுப்பு வறட்சி மட்டும்தான் தொல்லை என்றால் அங்கேயே வைக்கிற களிம்பு, வில்லை, வளையம் போதும். ரத்தத்தில் கலப்பது சொற்பம். கருப்பை இருந்தால் கூடவே புரோஜெஸ்டிரோன். நம் வீடுகளில் இந்தப் பேச்சையே யாரும் டாக்டரிடம் எடுப்பதில்லை, வயசானா அப்படித்தான் என்று மூத்தவர்கள் முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, பாவம்.

வியர்வை எங்கிருந்து வருகிறது என்று நேராகப் போய்ப் பார்த்தவர் அரிசோனாவின் நேயோமி ரான்ஸ். மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் சில நரம்பணுக்கள் பெருத்திருப்பதை அவர் 1990-ஐ ஒட்டிக் கண்டார். அந்த அணுக்களின் வாயை அடைக்கிற, ஹார்மோனே இல்லாத ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே, கல்லீரலைக் கவனியுங்கள் என்று அதன் உறையில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஏறியது. 2025 நவம்பரில் பழைய ஈஸ்ட்ரோஜன் உறைகளிலிருந்து இதயம், மார்பகப் புற்றுநோய், மறதி பற்றிய கறுப்புக் கட்டத்தை எடுக்கப்போவதாக அதே அரசுத் துறை அறிவித்தது. தனி ஈஸ்ட்ரோஜனுக்கான கருப்பைப் புற்றுநோய் எச்சரிக்கை மட்டும் இருக்கும். வியர்க்கிறவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் அறிவித்த அதிகாரிகள் வியர்வையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உரிய வயதில் தொடங்கினால் இதய நோய் பாதியாகக் குறையலாம், அல்சைமர் மூன்றில் ஒரு பங்கு குறையலாம் என்று சதவீதம் சதவீதமாக அடுக்கினார்கள். மனிடோபாவில் இன்னும் சில குதிரைகள் வேலையில் இருக்கின்றன.